கைராசியும் கடப்பாசியும்

1

இந்த வாரம் எங்கள் பயிற்சி அறையில் ஒரு பெண் ரப்பர் கையிடம் மன்னிப்புக் கேட்டாள்.

கீழ்வேளூர்ப் பெண். அயர்லாந்துக்கு வந்து இன்னும் ஒரு முழுக் குளிர்காலம்கூடப் பார்க்காதவள். மேசைமேல் இருந்த கையில் ஊசியைச் செலுத்தினாள், தவறிவிட்டது. "ஐயோ, ஸாரிம்மா... ரொம்ப வலிக்குதா?" என்று தமிழில் கேட்டுவிட்டு, குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தினாள். அந்தக் கைக்குத் தோளும் கிடையாது, உடம்பும் கிடையாது. அறையில் இருந்த பிலிப்பைன்ஸ் பெண்களும் அயர்லாந்துப் பெண்களும் மொழி புரியாமலே விஷயம் புரிந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா ஞாபகம் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே போய் நின்றேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் குறிப்பு பாதியில் புரியாமல் போகும். நான் நர்ஸ், இப்போது நர்ஸ்களுக்குச் சொல்லித்தரும் நர்ஸ். ட்ரிப் ஏற்றப் போனால் கையில் நரம்பே கிடைக்காத நோயாளிகள் உண்டல்லவா? (ரத்தக்குழாயை நாமெல்லாம் நரம்பு என்றுதான் சொல்கிறோம். நானும் அப்படியே எழுதுகிறேன், டாக்டர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) அவர்களுக்கு ஸ்கேன் மிஷினின் முனையைக் கையில் வைத்து, ஆழத்தில் ஓடும் நரம்பைத் திரையில் பார்த்துக்கொண்டே ஊசி போட வேண்டும். இதை எடுத்த எடுப்பில் மனிதர்கள்மேல் பழக முடியாது. அதனால் செயற்கைக் கைகளில் பழக்குகிறோம். எத்தனை முறை தவறினாலும் அந்தக் கை ஆ என்று கத்தாது, இனிமேல் வரமாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்துகொள்ளாது.

என் அம்மா உட்கார்ந்துகொண்டாள். அந்தக் கதையைத்தான் எழுத வந்தேன்.

2

அம்மாவுக்கு இடது மார்பில் கட்டி. அறுவை முடிந்தது. முடி கொட்டவைக்கும் கடுமையான மருந்துகளும் முடிந்தன. அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டிய ஒரு மருந்து மீதி இருந்தது. சாதுவான மருந்துதான், வெளியே கசிந்தாலும் சதையை அரிக்காது. ஆனால் அதைப் பாதியில் விட்டால் கட்டி திரும்ப வர வாய்ப்பு அதிகம் என்று தஞ்சாவூர் டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். மருந்து ஏற்றுவதற்காக மார்புத் தோலுக்கடியில் வைத்திருந்த சின்னப் பெட்டி சீழ் பிடித்து, அதை எடுத்தாயிற்று. மறுபடி வைக்க அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அறுவை செய்த பக்கம் என்பதால் இடது கையில் ஊசி போடக்கூடாது. மீதி இருந்தது ஒரே ஒரு வலது கை. அதிலும் மருந்து ஏறி ஏறி மேலாக இருந்த நரம்பெல்லாம் சுண்டிப்போய்விட்டது.

போன புரட்டாசிக்குச் சற்று முன்னால் அம்மா ஊசி போடப் போனவள், மருந்து ஏறாமலே வீடு திரும்பினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை குத்திப் பார்த்துவிட்டு, இன்னொரு நாள் வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். வீடியோ காலில் கையைக் காட்டினாள். நாவல்பழ நிறம்.

"பாத்துக்கிட்டியா? இனிமே நான் போறதா இல்ல."

"அப்படில்லாம் விடக்கூடாதும்மா."

"குத்துறது உன்னையா என்னையா? சுகன்யான்னு ஒரு பொண்ணு. குத்திட்டு அது அழுவுது. நான் அதுக்குக் கண்ணத் தொடச்சுவுடுறேன். இங்க யாருடி நோயாளி, யாரு நர்ஸ்? நீ வந்து போடு, கையை நீட்டுறேன். உன் கைன்னா எனக்கு ஒத்துக்கும். இல்லன்னா விடு, வர்றது வரட்டும்."

பக்கத்தில் இருந்த என் மகள் யாழினி எட்டிப் பார்த்து, "ஹாய் அம்மாச்சி, சாப்ட்டீங்களா?" என்றாள். அவள் தமிழில் பிழையில்லாமல் சொல்லும் ஒரே வாக்கியம் அது. பண்டிகை என்றாலும் அதுதான், சாவு என்றாலும் அதுதான். அம்மா அந்தக் கன்றிப்போன கையை ஆட்டி, "சாப்ட்டேன் தங்கம்" என்றாள். யாழினி தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள்மேல் எனக்கு வந்த கோபம் அநியாயமான கோபம். யாரையாவது கோபித்தே ஆக வேண்டியிருந்தது.

அவசர விடுப்புக்கு விண்ணப்பித்தேன். நோயாளி உங்களோடு ஒரே வீட்டில் வசிக்கிறாரா என்று கணினி கேட்டது. இல்லை. உயிருக்கு உடனடி ஆபத்தா? உடனடியாக இல்லை. அப்படியானால் தகுதி இல்லை என்று வந்துவிட்டது. ஊசி போட்டுக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடிக்கும் அம்மாவுக்கு அவர்களிடம் பிரிவே இல்லை. கிறிஸ்துமஸுக்கு என்று வைத்திருந்த விடுப்பை எடுத்தேன்.

3

உன் கைன்னா ஒத்துக்கும் என்று அம்மா சொன்னதைப் பெற்ற பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மாவுக்குக் கைராசி என்பது பெரிய விஷயம்.

எங்களுடையது திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு ஊர். ஒரு காலத்தில் எங்கள் குடும்பம் முழுக்க அடுத்தவர் வயலில் வேலை செய்தது. இப்போது தம்பி சுந்தர் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறான், சொந்தமாக நடவு மிஷின் வைத்து வாடகைக்கும் ஓட்டுகிறான். எங்கள் பக்கம் ஒரு வயலில் நடவு தொடங்கும்போது முதல் நாற்று முடியை, அதாவது நாற்றுக் கட்டை, கைராசியுள்ள ஒருவர் வடகிழக்கான சனிமூலையில் வைத்துக் கொடுக்க வேண்டும். அம்மா வைத்த வயல் சோடை போகாது என்று பேர். மற்ற நாளெல்லாம் வாடி போடி என்று கூப்பிட்ட வீடுகள், அந்த ஒரு காலையில் "வாங்க, வந்து வச்சுக் குடுங்க" என்று வரப்பில் காத்துக்கொண்டு நிற்கும். அந்த 'ங்க' அம்மாவுக்கு வேறு எங்கேயும் கிடைத்ததில்லை.

மிஷின் வந்ததில் அம்மாவுக்குத் துளி வருத்தம் இல்லை. "இடுப்பு பொழச்சுது" என்றாள். ஆனால் இன்றைக்கும் சுந்தரின் மிஷின் வயலில் இறங்கும் முன்னால் அம்மா ஒரு நாற்று முடியைக் கையால் வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால் மிஷினுக்கு வாடகை பேசியவர்களே இறங்க விடமாட்டார்கள்.

நானும் தஞ்சாவூரில் வேலை பார்த்தபோது கைராசி சிஸ்டர்தான். "திருத்துறைப்பூண்டி சிஸ்டர் டூட்டியா? அவங்க வந்து போடட்டும்" என்று மூன்றாம் மாடியிலிருந்து ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். விரலால் தடவினாலே நரம்பு எங்கே படுத்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். அம்மா அதைக் கேட்டுக் கேட்டுப் பூரித்துப்போவாள். என் கைதான் உனக்கு வந்திருக்கு என்பாள்.

அயர்லாந்துக்கு வந்து அந்தக் கையை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு! ஸ்கேன் வைத்து ஊசி போடும் பயிற்சியில் எல்லோரையும்விட நான்தான் மோசம். சொல்லிக்கொடுத்த அம்மையார், கையைப் பார்க்காதே, திரையைப் பார் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். நான் என்ன செய்வேன், பழக்கதோஷம், கண் விரலுக்கே போகும். ஒருநாள் என் தாடையைப் பிடித்து நிமிர்த்தியே விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா என்று தோன்றியது. பிறகு பிடிபட்டது. பிடிபட்ட பிறகு நானே வகுப்பெடுக்கவும் தொடங்கினேன். ராசியான கை என்று ஒன்று கிடையாது, பழகிய கை, பழகாத கை, அவ்வளவுதான் என்று வகுப்புக்கு வகுப்பு ஆங்கிலத்தில் அழுத்தம் திருத்தமாகச் சொல்கிறேன்.

அதைத் தமிழில் அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை சொல்லவும் இல்லை.

4

ஊருக்குக் கிளம்பும்போது நான் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன்.

வகுப்புக்காக வாங்கிய கையடக்க ஸ்கேன் ஒன்று என்னிடம் உண்டு. போனில் சொருகினால் போன் திரையே ஸ்கேன் திரை. அதைப் பெட்டியில் சாக்லேட்டுக்கும் யாழினிக்குச் சின்னதாகிவிட்ட ஸ்வெட்டருக்கும் நடுவில் வைத்தேன். என் திட்டம் சுலபமானது. வீட்டுக்குப் போவேன், அம்மாவின் கையில் நரம்பைப் பார்ப்பேன், ஊசியை நானே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் மருந்தை மட்டும் ஏற்றிக்கொண்டு வருவேன். பெருமை தாங்காமல் டாக்டர் வாசுகிக்குப் போன் செய்து சொன்னேன். அம்மாவுக்கு மருந்து ஏற்றும் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர் அவர். நான் அங்கே வேலை பார்த்த காலத்தில் புதிதாகச் சேர்ந்தவர்.

"சிஸ்டர், விளையாடுறீங்களா?" என்றார்.

"ஏன் டாக்டர்?"

"அந்த மிஷின எடுத்துட்டு ஏர்போர்ட்ல இறங்கினா உங்கள எங்க உக்கார வைப்பாங்கன்னு தெரியுமா? பதிவு பண்ணாத ஸ்கேன் மிஷின் இங்க யாருமே கையில வச்சிருக்கக் கூடாது. எங்க மிஷின் ஆபரேஷன் தியேட்டரவிட்டு நகர்றதுக்கே நான் பதில் சொல்லணும். பிரசவ வார்டுல வேல பாத்தவங்கதான நீங்க? போர்டு மறந்துபோச்சா?"

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. மறந்துதான் போயிருந்தது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்பட மாட்டாது என்ற அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்துதான் பயிற்சிக் காலத்தில் நான் டிபன் பாக்ஸ் திறப்பேன். வயிற்றில் இருப்பது பெண் என்று தெரிந்து கலைத்துவிட்டு வந்து படுத்தவர்களுக்கு நானே ட்ரிப் போட்டிருக்கிறேன். ஸ்கேன் மிஷினுக்கு நம் ஊரில் ஏன் இவ்வளவு காவல் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும், பெட்டியில் வைத்தபோது அது நரம்பு பார்க்கும் சாமான் என்பதைத் தவிர வேறு எதுவும் என் தலையில் ஏறவில்லை. அந்த அளவுக்கு நான் அயர்லாந்துக்காரியாகிவிட்டேன் என்பது அப்போதுதான் தெரிந்தது, அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

என் கணவர் செந்தில் பெட்டியைத் திறந்து அதை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். "அத்தைக்கு ஊசி போடப் போயி நீ உள்ள போயிட்டா, உன்னப் பாக்க நான் லீவு போடணும்" என்றார்.

வாசுகி ஒரு வழி சொன்னார். தியேட்டரில் இருக்கும் பதிவு செய்த மிஷினை அவரே பிடிப்பார். டாக்டர் என்பதால் அதற்குத் தடையில்லை. ஊசியை அவருடைய நர்ஸ் போடுவார். ஒருவர் ஸ்கேனைப் பிடிக்க, இன்னொருவர் ஊசியைச் செலுத்துவது ஒன்றும் புதிது இல்லை, நாங்களும் செய்கிறோம். ஆனால் இரண்டு பேர் கையும் ஒன்றுபோல நகர வேண்டும், அதற்குப் பழக்கம் வேண்டும்.

"நீங்க வந்து எங்க நர்ஸுங்களுக்குப் பழக்கிக் குடுங்க. பொம்மையில என்ன வேணா பண்ணுங்க. ஆனா பேஷண்ட்டத் தொடக்கூடாது. உங்க அம்மாவா இருந்தாலும் சரி. இப்ப நீங்க எங்க ஸ்டாஃப் இல்ல, விசிட்டர்."

விசிட்டர். சரி டாக்டர் என்று போனை வைத்தேன். அம்மாவிடம் இதில் ஒரு வார்த்தையும் சொல்லாமல் விமானம் ஏறினேன்.

5

பொம்மை என்று வாசுகி சொல்லிவிட்டார், பொம்மைக்கு எங்கே போவது? இங்கே பயன்படுத்தும் செயற்கைக் கையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஜெலட்டினைக் காய்ச்சி ஊற்றி, அதற்குள் ரப்பர் குழாயைப் புதைத்தால் ஸ்கேனில் சதையும் நரம்பும் மாதிரியே தெரியும். அயர்லாந்தில் எத்தனையோ முறை செய்திருக்கிறேன். ஜெலட்டின் பாக்கெட்டுகளைக் கொண்டுபோயிருந்தேன். நரம்புக்கு சைக்கிள் வால்வ் டியூப். திருத்துறைப்பூண்டி சைக்கிள் கடையில் முழுச் சுருளாகக் கேட்டதும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

முதல் நாள் காய்ச்சியதைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் மேடை முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊர் வெயிலில் ஜெலட்டின் நிற்காது என்பது அத்தனை வருடம் அந்த வெயிலில் வெந்த எனக்குத் தோன்றவில்லை. ஃபிரிட்ஜில் வைத்து இறுக்கினாலும், தஞ்சாவூர் போய்ச் சேர்வதற்குள் கஞ்சியாகிவிடும்.

அம்மா ஒற்றைக் கையால் மேடையைத் துடைத்துக்கொண்டே, "என்னடி கூத்து இது?" என்றாள்.

"ஊசி போட்டுப் பழகுறதுக்கும்மா."

"யாரு பழக? உனக்குத்தான் தெரியுமே?"

"அங்க இருக்கிற நர்ஸுங்களுக்கு."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். சுந்தரைக் கூப்பிட்டு, "முத்துப்பேட்டைப் பக்கம் போனா கடப்பாசி வாங்கிட்டு வா. நோன்புக்குக் காய்ச்சுவாங்கள்ல, அது. வெயில்ல வச்சாலும் கல்லு மாதிரி நிக்கும்" என்றாள்.

கடற்பாசியைத்தான் எங்கள் பக்கம் கடப்பாசி என்போம். அது நின்றது. தெளிவாக இருந்தால் ஸ்கேனில் சதை மாதிரித் தெரியாது என்பதால் கொஞ்சம் கோதுமை மாவைக் கரைத்து ஊற்றினேன். வால்வ் டியூபுக்குள் பீட்ரூட் தண்ணீர். ஊசி சரியாக நுழைந்தால் சிவப்பாகத் திரும்பி வர வேண்டும். அம்மா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ரொட்டி அச்சில் நான் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீனி போடலியா?"

"திங்கறதுக்கு இல்லம்மா."

"அதான் பாத்தேன். சீமைக்குப் போயி சமையலயும் மறந்துட்டியோன்னு."

சிரித்தோம். சிரித்து முடிந்ததும் அம்மா தன் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அப்ப நீ போடப் போறதில்ல" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. நான் சட்டத்தைச் சொன்னேன், ஸ்டாஃப் இல்லை என்பதைச் சொன்னேன். எனக்கே அவை நொண்டிச் சாக்குகளாகக் கேட்டன.

"என்னத்துக்கு அப்ப அவ்வளவு தூரத்துலேந்து வந்த?" என்றாள்.

நான் ரொட்டி அச்சை மூடி ஓரமாக வைத்தேன். ராத்திரி சாப்பாட்டில் எனக்கு உப்பும் தெரியவில்லை உறைப்பும் தெரியவில்லை.

6

அம்மாவின் கட்டி டாக்டர் அவளைப் பார்க்க வேண்டிய நாளும் என் பயிற்சியும் ஒரே நாளில் அமைந்தன. தியேட்டர் வேலை முடிந்ததும் மிஷின் இருக்கும் அறையிலேயே நடத்திக்கொள்ளுங்கள் என்று வாசுகி அனுமதி வாங்கி வைத்திருந்தார். அதற்கு அலுவலகத்தில் நானும் மூன்று பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. மூவரும் எதற்கு என்று கேட்டார்கள். கடப்பாசிக்கு என்று சொல்லாமல் சமாளித்தேன். அந்த டாக்டர் இன்னும் வரவில்லை, வெளியே தனியாக எப்படி உட்காருவது என்று அம்மாவும் எங்களோடு உள்ளே வந்து மூலையில் உட்கார்ந்துகொண்டாள். மருந்தில் இதற்குமேல் இடைவெளி விழக்கூடாது, மறுநாளே ஏற்றிவிட வேண்டும் என்று டாக்டர் போனில் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அம்மா அதற்கு ஆம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வந்த நர்ஸ்களில் சுகன்யாவும் ஒருத்தி. ஒல்லியாக, வெடவெடவென்று ஒரு பெண். அம்மாவைப் பார்த்ததும் முகம் செத்துப்போனது.

வாசுகி கடப்பாசிமேல் ஜெல்லைத் தடவி ஸ்கேனை வைத்தார். திரையில் சாம்பல் நிறத்தில் சதையும் நடுவில் கறுப்பு வட்டமாக நரம்பும் தெரிந்தன. எல்லோரும் ஹை என்றார்கள். சொல்லிக்கொடுத்தேன். அழுத்தினால் நசுங்குவது நமக்கு வேண்டிய நரம்பு. நசுங்காமல் துடித்தால் அது தமனி, தொடவே கூடாது. டாக்டர் ஸ்கேனை ஒரு நூல் முன்னால் நகர்த்துவார், அப்புறம் நீங்கள் ஊசியை ஒரு நூல் நகர்த்த வேண்டும். திரையில் ஊசியின் நுனி வெள்ளைப் புள்ளியாக மின்னும். புள்ளியைத் தொலைத்துவிட்டால் நின்றுவிட வேண்டும், தேடிக் குத்தக் கூடாது.

மற்றவர்களுக்குக் கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது. பீட்ரூட் தண்ணீர் வர வர, கைதட்டல் வேறு. சுகன்யாவுக்கு மட்டும் வரவில்லை. நான் அவள் தோளுக்குப் பின்னால் போய் நின்றேன். "கையப் பாக்காத, திரையப் பாரு... நுனி எங்க? நுனியத் தொலைச்சிட்ட பாரு... நிறுத்து நிறுத்து." அவள் கை உதறியது. ஊசி கடப்பாசியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. மறுபடி செய் என்றேன். மறுபடியும் அதே கதை. என் குரல் ஏறிக்கொண்டே போனது எனக்கே கேட்டது. நாளைக்கு இந்தக் கைதான் என் அம்மாவைத் தொடப்போகிறதோ என்ற பயம், வேறொன்றும் இல்லை. அவளுடைய தாடையைப் பிடித்து நிமிர்த்தக்கூடக் கை போய்விட்டது.

"மதி" என்றாள் அம்மா மூலையிலிருந்து.

"என்னம்மா?"

"நீ கொஞ்சம் இந்தப் பக்கம் வா. நீ நிக்கிறதாலதான் அந்தப் பொண்ணுக்குக் கை ஒதறுது. மேல விழுந்து விழுந்து கத்துனா யாருக்குத்தான் வரும்?"

வாசுகி திரையைப் பார்த்தபடி சிரிப்பை அடக்கினார். எனக்குச் சுருக்கென்றது. அத்தனை நர்ஸ்கள் முன்னால் அம்மா வாயால் திட்டு வாங்கிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை.

சுகன்யா மூச்சை இழுத்துவிட்டு மறுபடி தொடங்கினாள். வாசுகி மெதுவாக, "நான் நகர்றேன்... இப்ப நீ... நான்... நீ..." என்று சொல்லிக்கொண்டே வந்தார். திரையில் வெள்ளைப் புள்ளி கறுப்பு வட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது. பீட்ரூட் தண்ணீர் வந்தது. அவள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தாள்.

7

மறுநாள் காலை அம்மா தானாகவே புடவை மாற்றிக்கொண்டு காரில் ஏறினாள். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் இறங்கிவிடுவாளோ என்று பயம்.

தியேட்டர் பக்கத்து அறையில் படுக்கவைத்தார்கள். வாசுகி முழங்கைக்கு மேலே ஸ்கேனை வைத்துப் பார்த்துவிட்டு, ஆழத்தில் ஒன்று நன்றாகவே இருக்கிறது என்றார். அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"யாரு போடப் போறது?"

"நம்ம சீனியர் சிஸ்டர் ஒருத்தங்க இருக்காங்கம்மா, நேத்து நல்லா போட்டாங்க" என்றார் வாசுகி.

"வேணாம். அந்தப் பொண்ணு வரட்டும், சுகன்யா."

"அம்மா, அது வேணாம்மா" என்றேன்.

"நீ சும்மா இரு."

சுகன்யா வந்து நின்றாள். அம்மா ட்ரேயைப் பார்த்து, எது அந்த ஊசி என்று கேட்டாள். பிரிக்காத பாக்கெட்டை வாசுகி காட்டினார். அம்மா அதைக் கையில் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு இரண்டு கையாலும் சுகன்யாவிடம் நீட்டினாள். அறுவை செய்த அந்த இடது கையைத் தூக்க அம்மா எவ்வளவு சிரமப்பட்டாள் என்று எனக்குத் தெரியும்.

"இந்தா. நான் எடுத்துக் குடுக்குறேன், நீ வையி. மிஷினு பாக்கட்டும், அது பாட்டுக்குப் பாக்கட்டும். கை உன்னுதுதான். போன தடவ குத்துனதெல்லாம் அன்னையோட போச்சு."

சுகன்யா, சரிங்கம்மா என்றாள். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நீ வெளிய போயி நில்லு."

"நான் ஒண்ணும் பேசமாட்டேம்மா. ஓரமா நிக்கிறேன்."

"நீ நிக்கிறதே பேசுற மாதிரிதான் இருக்கு. போ."

போனேன். எத்தனையோ பேருக்கு ஊசி போட்ட கை, எத்தனையோ நர்ஸ்களுக்குச் சொல்லிக்கொடுத்த வாய், இரண்டையும் வைத்துக்கொண்டு அந்தத் தாழ்வாரத்தில் நின்றேன். எதிரில் ஒரு குடும்பம் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. என்னையும் சாப்பிடுங்க என்றார்கள். தலையை ஆட்டினேன். உள்ளே இருந்து ஒரு சத்தமும் இல்லை. அம்மா கத்தினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. நான் எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன், அந்தப் பெண்ணின் கைக்காகத்தான் கூப்பிட்டேன். ராசியான கை என்று ஒன்று கிடையாது என்று வகுப்பெடுப்பவள் நான்.

கதவு திறந்து வாசுகி வந்தார். "ஒரே குத்து சிஸ்டர். அசையவே இல்ல உங்க அம்மா" என்றார். நான் அந்த இட்லிக் குடும்பத்தின் முன்னாலேயே உடைந்து அழுதேன்.

உள்ளே போனேன். மருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா என்னைக் கவனிக்கவில்லை. சுகன்யாவுக்கு எந்த ஊர், வீட்டில் எத்தனை பேர், காலையில் என்ன சாப்பிட்டாள் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

8

நான் திரும்பி வந்துவிட்டேன். அடுத்த ஊசி நாளில் வேலைக்குப் போகாமல் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் வரவில்லை. பொறுக்க முடியாமல் நானே சுந்தரைக் கூப்பிட்டேன்.

"அம்மா தூங்குதுக்கா. மருந்து ஏறிட்டிருக்கு. ஏன், என்ன விஷயம்?"

ஒன்றும் இல்லை என்று வைத்தேன். எனக்கு வேண்டியது அதுதான், அதற்காகத்தான் அவ்வளவு தூரம் போனேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சுகன்யாமேல் எனக்கு வயிறு எரிந்தது. அன்று முழுக்க வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை. மூடிய கதவைத் தட்டி யாழினியிடம், அம்மாச்சிக்கு ஊசி போட்டாயிற்று என்று சொன்னேன். "ஓ, நைஸ்" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

அப்படியே ஒவ்வொரு தடவையும் சுகன்யாவும் வாசுகியும் போட்டுக்கொண்டே வந்தார்கள். நடுவில் ஒருமுறை தவறி, இரண்டாவது குத்தில் கிடைத்ததாம். அம்மா அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. இந்த வாரம், அந்தக் கீழ்வேளூர்ப் பெண் ரப்பர் கையிடம் மன்னிப்புக் கேட்ட அன்று மதிய இடைவேளையில், நான் அம்மாவைக் கூப்பிட்டேன். கடைசி ஊசிக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அதற்கு எப்படியாவது வந்துவிடுகிறேன், விடுப்புக்குச் சொல்லி வைத்திருக்கிறேன் என்றேன்.

"எதுக்கு?" என்றாள் அம்மா.

"எதுக்குன்னா? கடைசி ஊசிம்மா. நான் பக்கத்துல இருக்க வேணாமா?"

"அதான் சுகன்யா இருக்கே. நீ வந்தா மறுபடி வெளியதான் நிக்கணும்."

எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று பிரிக்கத் தெரியவில்லை. அம்மாவுக்குப் பின்னால் சுந்தரின் நடவு மிஷின் சத்தம் கேட்டது, யாரோ அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இதோ வர்றேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"இந்தா பாரு மதி. நீ அப்பாவுக்குக் கடைசியா முடியலன்னு வந்த. ஆபரேஷன்னு வந்த. ஊசின்னு வந்த. வர்றப்பல்லாம் யாருக்காவது என்னமோ ஆயிப்போச்சுன்னுதான் வர்ற. இதெல்லாம் முடியட்டும். ஒண்ணும் இல்லாதப்ப வா. சும்மா வா."

சரிம்மா என்றேன்.